பச்சையைத் துரத்திய ஊர்

காலை எட்டு மணிக்குள் ஜிவிலே அடுப்பை மூன்று தடவை துடைத்துவிட்டாள். முதல் தடவையே அது பளிச்சென்று ஆகிவிட்டது. தேநீர் போட்டாள், குடிக்க மறந்தாள், ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே அவள் கணவன் ரொலாந்தாஸ், தன்னார்வத் தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரமாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியில அந்தப் பொடி இருக்கு, யாரும் தொட்டுடாதீங்க," என்று உள்ளே வந்து சொன்னான். "செங்கல் பொடி மாதிரி சிவப்பா இருக்கு. தண்ணில போட்டா பச்சையாயிடுமாம். எனக்கு நம்பிக்கையே இல்ல."

"ஆகும்," என்றாள் ஜிவிலே.

"நீ பார்த்திருக்கியா?"

"இல்ல."

பதின்மூன்று வருஷம் அயர்லாந்தில் இருந்துவிட்டு வந்தவள் இப்படிச் சொன்னால் யாருக்கும் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் அயர்லாந்தே பச்சை உடுத்திக் கொண்டாடும் புனித பேட்ரிக் நாளை, அந்த மார்ச் பதினேழை, பதின்மூன்றில் பன்னிரண்டு தடவை அவள் வேலையில் கழித்தவள். முதல் ஐந்து வருஷம் மொனாஹனில் காளான் கொட்டகை. காளானுக்குப் பண்டிகை தெரியாது, அது பாட்டுக்கு வளரும். அப்புறம் எட்டு வருஷம் அதே ஊரில் ஒரு முதியோர் இல்லம். புனித பேட்ரிக் நாளன்று ஊர்க்காரர்கள் எல்லாரும் விடுப்புக் கேட்பார்கள், வெளியூர்க்காரர்கள் வேலை பார்ப்பார்கள். ஒரே ஒரு முறை ஊர்வலம் பார்த்தாள். மழை கொட்டியது. பதினோரு டிராக்டர்களும் நனைந்துபோன ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் போனதாக நினைவு.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவளும், அங்கே லாரி ஓட்டிய ரொலாந்தாஸும் மகளோடு இங்கே, லித்துவேனியாவில் சொந்த ஊரான பெர்ஜினைக்குத் திரும்பி வந்தார்கள். ரொலாந்தாஸின் அப்பா விட்டுப்போன நிலத்தில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஜிவிலேவுக்கு அந்த வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

எட்டு நாளாக அவள் கைபேசியில் ஒரு கடிதம் கிடந்தது. முதியோர் இல்லத்து மேட்ரன் டெர்வ்லா எழுதியது. உன் பழைய வார்டுதான், ஏப்ரல் எட்டாம் தேதி சேர வேண்டும், பேட்ரிக் நாளுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவ்வளவுதான் கடிதம். அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விதத்தை மட்டும் மனசுக்குள் தயார் பண்ணி வைத்திருந்தாள். 'உக்னே அங்கே பிறந்த பெண். இங்கே ஒட்டவில்லை. அவளுக்காகத்தான்.' பன்னிரண்டு வயது உக்னே முதல் வருஷம் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்ததும், அவள் பேசும் லித்துவேனிய மொழியைப் பிள்ளைகள் பழித்துக் காட்டியதும் உண்மைதான். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனாலும் எட்டு நாளும் வாய் வரவில்லை. இன்றுதான் கடைசி நாள்.

கைபேசி அடித்தது. ஊர் விழாக்களை நடத்தும் பண்பாட்டு மாளிகையின் டைரக்டரம்மா நியோலே. காலையிலிருந்து மூன்றாவது அழைப்பு.

"எங்கடி இருக்க? நீதான எங்க ஐரிஷ்காரி, நீ வராம நான் யாரைக் கேட்டுச் செய்யறது?"

நியோலேவுக்கு அறுபது வயது இருக்கும். கூட்டத்தைக் கண்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். போன வருஷம் தொலைக்காட்சியில், பேட்ரிக் நாளுக்காகத் தலைநகரத்து ஆற்றைப் பச்சையாக்கியதைப் பார்த்த அன்றே, இங்கேயும் அதைச் செய்வதென்று முடிவு பண்ணிவிட்டாள். "நம்ம ஊர்ல பாதிப் பேரு அயர்லாந்துல கிடக்கறான். அந்தத் தலைநகரத்துக்காரங்களைவிட இந்தப் பண்டிகையில நமக்குத்தான் உரிமை ஜாஸ்தி," என்று நகராட்சிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டியிருக்கிறாள். எதிர்த்துப் பேச ஆளில்லை.

ஜிவிலே மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது மாளிகை முழுக்க முட்டைக்கோஸ் வாசனை. சமையல்காரி பெரிய அண்டாவைத் திறந்து காட்டினாள். பன்றி இறைச்சியோடு வேகவைத்தது, ஆனால் புளித்த முட்டைக்கோஸ், சீரகமும் போட்டிருந்தாள்.

"இப்படித்தான அங்க செய்வாங்க?"

"அங்க புளிக்க வைக்க மாட்டாங்க," என்றாள் ஜிவிலே.

"புளிக்க வைக்காம எப்படித் திங்கறது?"

"அவங்க தின்னுடுவாங்க."

"பாவம்," என்று மூடியைப் போட்டாள் சமையல்காரி.

சுவரெல்லாம், ஐரிஷ்காரர்கள் பேட்ரிக் நாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் இலைக்கொத்துகள், காகிதத்தில் வெட்டி ஒட்டியவை. உக்னே உள்ளே நுழைந்ததும் ஒரு கூச்சல் போட்டாள். "நாலு இலை வச்சிருக்கீங்க! மூணுதான் இருக்கணும்! இது அதிர்ஷ்ட இலை, அது சாமி இலை, ரெண்டும் வேற!"

"ஒரு இலை கூட இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றாள் நியோலே. ஆனாலும் உடனே கத்தரிக்கோலை எடுத்து நாற்காலி மேல் ஏறி ஒவ்வொன்றிலும் ஒரு இலையை வெட்ட ஆரம்பித்தாள். கைக்கு வேலை கிடைத்ததில் ஜிவிலேவும் கூடச் சேர்ந்து வெட்டினாள். வெட்டிக்கொண்டே இருக்கும்போது நியோலே கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மேயர் தொப்பி போடணுமா? முதல் கோப்பை யாருக்குக் கொடுப்பாங்க? பூசைக்குப் போவாங்களா? ஜிவிலே வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தெரியாது என்று சொன்னால் இந்த அம்மாள் நெஞ்சு வெடித்துவிடும்.

பதினொன்றரை மணிக்கு மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் உக்னேவுக்கு முடி பின்ன உட்கார்ந்தாள். ஐரிஷ் நடனத்துக்கு முடி சுருள் சுருளாக நிற்க வேண்டும். உக்னேதான் இன்னும் ஐந்து பெண்களுக்கு அந்த நடனத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அம்மா, இழுக்காத. மண்டை வலிக்குது."

"நேரா உக்காரு."

"நான் நேராதான் உக்காந்திருக்கேன். நீதான் ஆடிக்கிட்டே இருக்க."

ஜிவிலே சீப்பைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். "உக்னே, நாம திரும்ப மொனாஹன் போனா உனக்கு எப்படி இருக்கும்?"

"லீவுக்கா?"

"லீவுக்கு இல்ல. இருக்கறதுக்கு."

கண்ணாடியில் மகளின் முகம் சுருங்கியது. "போன வருஷம் கேட்டிருந்தா பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நின்னிருப்பேன். இப்ப வேணாம்."

"ஏன்?"

"கெர்தா இருக்கா. கூடைப்பந்து டீம்ல என்னைச் சேர்த்தாச்சு. இப்பதான் எல்லாக் கெட்ட வார்த்தையும் கத்துக்கிட்டேன்."

"என்னது?"

"சும்மா சொன்னேன். அங்க போனா, 'ஏன் போனே, ஏன் திரும்பி வந்தே'ன்னு ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேர்ந்து சொல்லணும்மா. இங்க வந்து ஒரு தடவை சொல்லி முடிச்சாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது." பிறகு கண்ணாடி வழியாகவே அம்மாவைப் பார்த்தாள். "உனக்குப் போகணுமா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேட்டா கொண்டை ஊசியை ஏன் காதுல குத்தற?"

முடியை எப்படியோ முடித்துவிட்டு ஜிவிலே பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். கையில் இருந்த காரணம் போய்விட்டது. அப்படியானால் பதில் சுலபம். வரவில்லை என்று சொல்லிவிட்டால் எட்டு நாள் அவஸ்தை தீர்ந்தது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே டெர்வ்லாவின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. அலுவலக எண். எடுக்கவில்லை. சுவர் வரை போவாள், திரும்புவாள், மறுபடி அழுத்துவாள். கடைசியில் வார்டின் எண்ணையே கூப்பிட்டாள்.

"ஹலோ?"

"டெர்வ்லா இருக்காங்களா? நான் ஜிவிலே, லித்துவேனியாவிலேர்ந்து."

"ஜிவி! ஏய், நான் பிளெஸ்ஸி! டெர்வ்லாவா? இன்னிக்கா? உனக்கென்ன பைத்தியமா? இன்னிக்குப் பேட்ரிக் நாள். ஒரு ஐரிஷ் தலை கண்ணுல தட்டுப்படல. நானு, பிரேசில்காரர் தியாகோ, ரெண்டே பேரு."

ஜிவிலே நெற்றியில் அடித்துக்கொண்டாள். எட்டு நாள் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, அன்று அங்கே விடுமுறை என்பது தோன்றவே இல்லை.

பிளெஸ்ஸி கோட்டயத்துக்காரி. இருவரும் ஆறு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தவர்கள். அவள் பேச்சுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் பூசை ஓடும் சத்தம். "மூணு மணிக்கு ஊர்வலம். எங்க வீட்டுக்காரர் எங்க ஊர் ஆளுங்களோட சேர்ந்து செண்டை அடிச்சிட்டுப் போறார். பிள்ளைங்களும் முண்டு கட்டிட்டுப் போறாங்க. நான் இங்க இருபத்திரண்டு பேருக்கும் சட்டையில மூவிலை குத்திட்டு நிக்கறேன். மெக்கென்னா தாத்தா மட்டும் வேணாங்கறார், 'நான்தான் ஐரிஷ்காரனாச்சே, எனக்கு எதுக்குடி அடையாளம்'ங்கறார். சரி, டெர்வ்லாகிட்ட என்ன சொல்லணும்?"

"வேலை விஷயம். ஏப்ரல்ல…"

"அதுவா? அதான் போர்டுலயே போட்டாச்சே! எட்டாம் தேதி காலை ஷிப்ட், ஜிவிலே. உன் பேரைத் தப்பாதான் எழுதியிருக்காங்க, எப்பவும் போல."

"நான் இன்னும் சரின்னே சொல்லலையே!"

"சொல்லணுமா என்ன? நானும்தான் ஒரு வருஷம் மூட்டை முடிச்செல்லாம் கட்டிட்டு ஊருக்குப் போனேன். எட்டு மாசம். மாமியார் வீட்டு மாடியில உக்காந்துகிட்டு எந்நேரமும் காலை ஆட்டிட்டே இருந்தேன். 'இவளுக்கு ஏதோ கோளாறு'ன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இங்க வந்ததும் நின்னுடுச்சு."

கோபம்தான் வந்தது ஜிவிலேவுக்கு. என்னைக் கேட்காமல் என் பெயரை எழுத இவர்கள் யார்? அழித்துவிடச் சொல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "வார்டுல இப்ப யார் யார் இருக்காங்க?"

பிளெஸ்ஸி சொன்னாள். ஜன்னலோரக் கட்டில் மேகி பாட்டி ஜனவரியில் போய்விட்டாள். தூங்குகிற மாதிரிதான், கஷ்டப்படவில்லை. கன்னியாஸ்திரி இன்னும் இருக்கிறார், இன்னும் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார். ஓ'டேலியின் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து தினமும் கூப்பிடுகிறான், அவர் அவனை யாரென்று கேட்கிறார். ஐந்தாம் எண் கட்டிலில் புதிதாக ஒரு ஆசிரியை, யார் கையாலும் சாப்பிட மாட்டேன் என்கிறாள். "நீ வந்தா சாப்பிடுவா. உனக்குன்னு ஒரு வழி இருக்கு."

உள்ளே ஏதோ மணி அடித்தது. "கூப்பிடறாங்க, வைக்கறேன்," என்று பிளெஸ்ஸி போய்விட்டாள்.

ஜிவிலே அப்போதுதான் கவனித்தாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பத்து நிமிஷமாக ஓரடி நகரவில்லை. காலையிலிருந்து, இல்லை, பல மாதமாகவே நிற்காத கால்கள் அவை. மகளுக்காக, மகளுக்காக என்று உக்னேவின் தலையில் கட்டிய சுமை உண்மையில் யாருடையது என்று இப்போது தெரிந்தது. தெரிந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஊரே பாலத்தில் நின்றது. பனி உருகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறு கரை தட்டிப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் முறிந்த கிளைகள் வேறு. மேயர் பச்சைக் கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். காற்று அவர் பேச்சை அக்கரைக்குக் கொண்டுபோனது. கரையில் போட்ட பலகை மேடையில் உக்னேவும் ஐந்து பெண்களும் குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அக்கார்டியன் வாசிப்பவர் விரலை ஊதிக்கொண்டார்.

"போடு!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள் நியோலே.

பாலத்துக்கு மேற்பக்கம் படகுத்துறையில் நின்ற ரொலாந்தாஸ் பொட்டலத்தைக் கிழித்துக் கவிழ்த்தான். பாதி ஆற்றில் விழுந்தது, மீதியைக் காற்று அவன் முகத்திலேயே அடித்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து யாரோ விளக்கு ஏற்றின மாதிரி, கண் கூசும் பச்சை. அது விரிந்தது, சுழன்றது, இரண்டு கரையையும் தொட்டது. ஊரே ஓவென்று கத்தியது. ஜிவிலேவும் தன்னை மறந்து கத்தினாள்.

ஆனால் வெள்ளம் யாருக்காகவும் நிற்கவில்லை. மூன்றே நிமிஷம். பச்சை பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளிப்பட்டது. கூட்டம் பாலத்தின் இந்தக் கைப்பிடியிலிருந்து அந்தக் கைப்பிடிக்குத் தாவியது. பின்னாலேயே பழைய பழுப்புத் தண்ணீர். பச்சை வளைவைத் தாண்டி ஓடத் தொடங்கியது.

"போகுது! போகுது!" என்று யாரோ கத்தினார்கள். முதலில் பிள்ளைகள் ஓடினார்கள். அப்புறம் பிள்ளைகளைப் பிடிக்கப் பெற்றோர்கள். அப்புறம் எல்லாருமே. கையில் பீர் கோப்பையோடு, குழந்தை வண்டியோடு, கரையோரச் சேற்றில் ஆற்றைத் துரத்தி ஊரே ஓடியது. மேயரின் தொப்பி தனியாக ஓடியது. அக்கார்டியன்காரர் ஓடிக்கொண்டே வாசித்தார். மேடைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரும்பு லாடம் அடித்த நடனச் செருப்புகளோடு தடதடவென்று குதித்து ஓடினார்கள்.

"நில்லுங்க! நிகழ்ச்சி இன்னும் முடியல!" என்று நியோலே ஒலிபெருக்கியில் அலறினாள். யாரும் திரும்பவில்லை. "ரொலா! இன்னொரு பொட்டலம் இருக்கில்ல? வண்டியை எடு! மரம் அறுக்கற மில் பாலத்துக்கு முன்னாடி போய்ப் போடு!"

ரொலாந்தாஸ் வண்டியில் பாய்ந்தான். மறுபக்கக் கதவைத் திறந்து ஜிவிலே ஏறினாள். ஏன் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது; எதையாவது துரத்திக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது.

அவன் முகத்தில் பொடி பட்ட இடம் சிவப்பாகவும், வியர்வை வழிந்த இடம் பச்சையாகவும் இருந்தது. "பார்த்தியா, ஆச்சு!" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"டெர்வ்லா வேலைக்குக் கூப்பிட்டிருக்கா," என்றாள். "ஏப்ரல் எட்டு."

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. "எப்பக் கூப்பிட்டா?"

"எட்டு நாள் ஆச்சு."

"அதான் எட்டு நாளா அந்த அடுப்பைப் போட்டுத் தேய்க்கற." கியரை மாற்றினான். "உக்னேவுக்காகன்னு சொல்லப்போற. அதான?"

"அப்படித்தான் சொல்லலாம்னு இருந்தேன். அவ வரலைங்கறா. எனக்குத்தான் போகணும்."

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல, ரொலா."

"வீடு கட்டறேன். வேற என்ன பண்றேன்?"

"கட்டற. நல்லாத்தான் கட்டற. அதுல நான் சும்மா உக்காந்திருக்கறதை நினைச்சா எனக்கு மூச்சு முட்டுது. வீட்டு மேல தப்பில்ல. என் மேலதான்."

அவன் ஸ்டீயரிங்கை ஒரு குத்துக் குத்தினான். "பதிமூணு வருஷம்டி! பதிமூணு வருஷம் அங்க எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. லாரியை ஓரங்கட்டிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருப்பேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேனா?"

ஜிவிலே அவன் பக்கம் திரும்பினாள். இது அவளுக்குத் தெரியாது. "சொல்லியிருக்கணும்," என்றாள் மெல்ல.

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியல. ஆனா சொல்லியிருக்கணும்."

மர மில் பாலம் வந்தது. தூரத்தில் வளைவில் கூட்டம் வந்துகொண்டிருந்தது, அக்கார்டியன் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ரொலாந்தாஸ் இறங்கிப்போய்ப் பொட்டலத்தைக் கிழித்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும் என்று அதன் மேல் எழுதியிருந்தது. அவன் முழுவதையும் ஒரே வீச்சில் கொட்டினான். மேலேயிருந்து வந்த பச்சையும் இதுவும் கலந்து, ஆறு பார்க்கவே பயமாக இருக்கும்படி பச்சையாகிவிட்டது. ஓடி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கைதட்டினார்கள். உக்னே சுருள் அவிழ்ந்து முழங்கால் வரை சேறாக வந்து நின்றாள்; அக்கார்டியன்காரர் தாளத்தைப் பிடித்ததும், ஆறு பெண்களும் மில் வாசலில் அடுக்கிக் கிடந்த பலகைகள் மேல் ஏறி ஆடினார்கள். மேடையில் ஆடியிருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

ரொலாந்தாஸ் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். ஜிவிலே பக்கத்தில் போய் நின்றாள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"மூணு மாசம்," என்றான்.

"அவங்க ஆறு மாசம் கேப்பாங்க."

"மூணு. உக்னேவை நான் பார்த்துக்கறேன். ஜூலைல வந்து நில்லு. நின்னப்புறம் பேசலாம்."

"கோபமா?"

"ஆமா," என்றான். பச்சைக் கையால் முகத்தைத் துடைத்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டான்.

மறுநாள் டெர்வ்லா தொலைபேசியில் கிடைத்தாள். மூன்று மாதம்தான் என்றதற்கு, சரி சரி, வா முதலில், என்றாள். உக்னேவிடம் சொன்னபோது அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்து, "அப்பா சமையலை மூணு மாசம் திங்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். ரொலாந்தாஸ் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய பெட்டியின் உடைந்த சக்கரத்தைக் கழற்றி மாற்றினான்.

ஏப்ரல் ஏழாம் தேதி கௌனாஸ் விமான நிலையத்தின் வரிசையில் பெர்ஜினைக்காரர்கள் ஒன்பது பேர் நின்றார்கள். யாரும் யாரையும் ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை.

ஜூலை பத்தாம் தேதி, சொன்னபடி அவள் வந்து நின்றாள். ஐந்தாம் எண் கட்டில் ஆசிரியை முதல் வாரமே கரண்டியைத் தட்டிவிட்டாள், மூன்றாம் வாரம் சாப்பிட்டாள் என்று வந்த அன்றே சொல்லிச் சிரித்தாள். கொல்லையில் உருளைக்கிழங்கு தோண்டினாள், உக்னேவின் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு எல்லாம் போனாள், இரவில் நன்றாகத் தூங்கினாள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் கால் லேசாக ஆட ஆரம்பித்தது. அவள் கவனிக்கவில்லை. ரொலாந்தாஸ் கவனித்தான்.

"மறுபடி எப்பவாம்?" என்று கேட்டான்.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நவம்பர்னு கேக்கறாங்க."

"நவம்பர்ல ரோடெல்லாம் வழுக்கும்," என்றான் அவன், ரொட்டியை ஒடித்துக்கொண்டே. "விமானம் மத்தியானம் இருக்கற மாதிரி பார்த்துப் போடு."

"ஆறு வாரம்தான்," என்றாள் ஜிவிலே.

"அம்மா, அந்த வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு," என்றாள் உக்னே.